பழைய லேப்டாப், புது ரவுட்டர்: வைஃபை பூட்டு எங்கே சிக்குகிறது?

சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்து தெரியும். பாஸ்வேர்டைச் சரியாகத்தான் போட்டிருப்பீர்கள். அதே பாஸ்வேர்டில் வீட்டிலுள்ள எல்லா போனும் ஓடிக்கொண்டிருக்கும். பழைய லேப்டாப் மட்டும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, இணைய முடியவில்லை என்று நின்றுவிடும். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கமெல்லாம் கேபிள் டிவிக்காரர்களே ஃபைபர் இணைப்பும் கொடுக்கத் தொடங்கிய பிறகு, சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். ரவுட்டர் புதுசாக வந்திருக்கும். லேப்டாப்போ, அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்ததாக இருக்கும்.

2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழக அரசு தன் மின்னணு நிறுவனமான எல்காட் மூலம் வாங்கி, லட்சக்கணக்கான மாணவர்களுக்குக் கொடுத்தவை அந்த லேப்டாப்புகள். டெல்டாவில் இன்றும் பல வீடுகளில் இருக்கிற ஒரே கம்ப்யூட்டர் அதுதான். சிட்டா எடுப்பது, பயிர்க் காப்பீட்டு விவரம் பார்ப்பது, நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு ஆன்லைனில் பதிவது, கல்லூரி விண்ணப்பம் போடுவது எல்லாம் அதில்தான். அது வைஃபையில் சேரவில்லை என்றதும் இரண்டு யோசனை உடனே வரும். ஒன்று, லேப்டாப்பின் ஆயுள் முடிந்துவிட்டது, தூக்கிப் போடு. இன்னொன்று, ரவுட்டரில் பாஸ்வேர்டையே எடுத்துவிடு, சேர்ந்துவிடும். முதலாவது பெரும்பாலும் அவசரம். இரண்டாவது ஆபத்து. ஒரு லேப்டாப்புக்காக வீட்டு வைஃபையின் பூட்டைக் கழற்றக் கூடாது. லேப்டாப்பைத்தான் அந்தப் பூட்டுக்குத் தகுந்தபடி தயார் செய்ய வேண்டும். பெரும்பாலான நேரம் அது காசு செலவில்லாமலேயே முடிகிற வேலை.

எந்தப் படியில் நிற்கிறது?

வைஃபையில் சேர்வது மூன்று படியாக நடக்கிறது. முதலில் ரவுட்டரின் பெயர் லேப்டாப்புக்குத் தெரிய வேண்டும். அடுத்து, இரண்டும் ஒரே பாதுகாப்பு முறைக்கு ஒத்துக்கொண்டு, பாஸ்வேர்டும் பொருந்த வேண்டும். கடைசியாக, ரவுட்டர் லேப்டாப்புக்கு ஒரு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண், கொடுக்க வேண்டும். எந்தப் படியில் தடுக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இதைப் பார்க்காமல் ரவுட்டரில் கண்டதையும் மாற்றத் தொடங்கினால் ஓடிக்கொண்டிருக்கிற போன்களும் நின்றுபோகும்.

பெயரே பட்டியலில் வரவில்லை என்றால் பாஸ்வேர்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முதலில், லேப்டாப்பின் முன் விளிம்பில் வைஃபைக்கென்று ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பழைய மாடல்கள் பலவற்றில் உண்டு. பிள்ளைகள் கை பட்டு அது அணைந்திருக்கும். சுவிட்ச் இல்லாதவற்றில் எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்துகிற ஒரு பொத்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டு வைஃபையெல்லாம் தெரிந்து உங்களுடையது மட்டும் தெரியவில்லை என்றால், அலைவரிசையைச் சந்தேகப்படுங்கள். புது ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டிலும் ஒலிபரப்பும். அந்தக் காலத்துக் குறைந்த விலை லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ரவுட்டரில் 2.4 அணைந்திருந்தால், அந்த லேப்டாப்புக்கு உங்கள் வீட்டில் வைஃபையே இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. லேப்டாப்புக்குள் வைஃபையைப் பிடிக்கிற பாகம் கார்டு, அதை இயக்குகிற மென்பொருள் டிரைவர். 'ஏஎக்ஸ்' என்றும் சொல்லப்படுகிற புதுத் தலைமுறை வைஃபை 6 ரவுட்டர்களின் அறிவிப்பைப் பழைய டிரைவர் உள்ள சில இன்டெல் கார்டுகளால் படிக்க முடியாது. கார்டு நன்றாக இருக்கும், பெயர் மட்டும் தெரியாது. டிரைவரைப் புதுப்பித்தால் தெரிய ஆரம்பித்துவிடும். அதுவும் முடியாவிட்டால் ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் 'ஏஎக்ஸ்' முறையை நிறுத்தி 'பி, ஜி, என்' என்று வையுங்கள்.

பெயர் தெரிகிறது, தொட்டதும் மறுக்கிறது என்றால் அது இரண்டாவது படி. இந்தக் கட்டுரை முக்கியமாக அதைப் பற்றித்தான். ஆனால் ஒரு சோதனையை முன்னாலேயே செய்துவிடுங்கள்: லேப்டாப்பை எடுத்துப்போய் ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து முயலுங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகள் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று தெருவுக்குத் தெரு நீளமாகப் போகும். ஃபைபர் தெருவிலிருந்து வருவதால் ரவுட்டரை ரேழியிலேயே மாட்டிவிடுகிறார்கள். பின்கட்டில் உட்கார்ந்தால் நடுவில் தடித்த செங்கல் சுவர்கள். சிக்னல் தேய்ந்திருக்கும்போது, சேரும் நேரத்தில் ரவுட்டரும் லேப்டாப்பும் பரிமாறிக்கொள்ள வேண்டிய செய்திகள் பாதியில் தொலையும். அப்போதும் விண்டோஸ், பாஸ்வேர்ட் தப்பு என்பது போலவே செய்தி காட்டும். பக்கத்தில் வைத்ததும் சேர்ந்துவிட்டால் உங்கள் பூட்டில் ஒரு குறையும் இல்லை. ரவுட்டரைக் கூடத்துக்கு நகர்த்தினால் போதும்.

பூட்டு நான்கு தலைமுறை பார்த்திருக்கிறது

வைஃபை செட்டிங்கைத் திறந்தால் டபிள்யூஇபி, டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்று வரிசையாக வரும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒன்று போலத் தோன்றும். ஆனால் எதை வைத்தாலும் ஒன்றுதான் என்பதில்லை. முன்னதைவிட வலுவாக இருக்க வேண்டும் என்று வந்தது பின்னது.

டபிள்யூஇபி 1997-ல் வந்தது. அதன் குறை எங்கே என்று தெரிந்துகொண்டால், அதை ஏன் தொடவே கூடாது என்பது புரிந்துவிடும். காற்றில் போகிற ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் உங்கள் சாவியோடு ஒரு சின்ன எண்ணைச் சேர்த்து மறைக்கிறது அது. அந்த எண் பொட்டலத்துக்குப் பொட்டலம் மாற வேண்டும். அதற்கு ஒதுக்கிய இடம் 24 பிட்தான். அதாவது மொத்தம் 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் எண்கள். கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் வேலை மும்முரமாக நடக்கிற ஒரு வைஃபையில் சில மணி நேரத்திலேயே இவை தீர்ந்துபோய்ப் பழைய எண்கள் திரும்ப வரத் தொடங்கும். அந்த எண்ணை மறைக்காமல் வெளிப்படையாகவே அனுப்புவதால் ஒட்டுக்கேட்பவருக்கும் அது தெரியும். 2001-ல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூன்று ஆய்வாளர்கள், இந்த எண்களில் சில சாவியையே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகின்றன என்று காட்டினார்கள். 2007-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதை ஒரு நிமிடத்துக்குள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். நீங்கள் எவ்வளவு கடினமான சாவி வைத்தாலும் இதில் பயன் இல்லை, ஏனென்றால் கோளாறு பூட்டு செய்த விதத்திலேயே இருக்கிறது.

2003-ல் வந்த டபிள்யூபிஏ ஓர் இடைக்கால ஏற்பாடு. அப்போது விற்றிருந்த கருவிகளைத் தூக்கி எறியாமல், மென்பொருளை மட்டும் மாற்றிப் பாதுகாப்பை உயர்த்த டிகேஐபி என்ற முறையை அதில் வைத்தார்கள். 2008-ல் அதிலும் ஓட்டை கண்டுபிடித்தார்கள்.

2004-ல் வந்த டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்ற வலுவான மறையீட்டை, அதாவது தகவலை மறைத்து அனுப்பும் முறையை, பயன்படுத்துகிறது. 2006 மார்ச்சிலிருந்து வைஃபை சான்று வாங்குகிற எந்தக் கருவியிலும் இது கட்டாயம். இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் லேப்டாப் அதற்குப் பிறகு செய்ததென்றால் டபிள்யூபிஏ2 அதற்குத் தெரிந்திருக்கும். அந்தத் திட்டத்தில் அரசு கொடுத்த லேப்டாப்புகள் எல்லாமே 2011-லும் அதற்குப் பிறகும் வந்தவை. ஆகவே அவற்றுக்காக டபிள்யூஇபிக்கு இறங்க வேண்டிய தேவையே கிடையாது. 2017-ல் இந்த முறையிலும் ஒரு பலவீனம் வெளியானது. அதை லேப்டாப், போன் பக்கத்து அப்டேட்டிலேயே சரிசெய்துவிட்டார்கள். விண்டோஸ் 7-க்கும் அந்த அப்டேட் வந்தது.

2018-ல் டபிள்யூபிஏ3. புது ரவுட்டர் சிலவற்றில் இது மட்டும் போட்டு வந்துவிடுகிறது. நம் சிக்கலுக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். விண்டோஸ் 7-க்கு டபிள்யூபிஏ3 தெரியாது, இனிமேல் தெரியப்போவதும் இல்லை. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-ல் 2019 மே மாதம் வந்த 1903 பதிப்பிலிருந்து உண்டு, ஆனால் கார்டின் டிரைவரும் ஒத்துழைக்க வேண்டும்.

பாஸ்வேர்ட் காற்றில் போவதில்லை

டபிள்யூபிஏ2-வில் உங்கள் பாஸ்வேர்ட் ரவுட்டருக்கு அனுப்பப்படுவதே இல்லை. லேப்டாப் உங்கள் பாஸ்வேர்டையும் வைஃபையின் பெயரையும் சேர்த்து 4096 சுற்று கணக்குப் போட்டு ஒரு நீளமான சாவியை உருவாக்குகிறது. ரவுட்டரும் தன் பக்கத்தில் அதையே செய்து வைத்திருக்கும். பிறகு இரண்டும் ஆளுக்கொரு தற்செயல் எண்ணைக் கொடுத்து வாங்கி, நான்கு செய்திகளில், தங்களிடம் இருப்பது ஒரே சாவிதான் என்று உறுதி செய்துகொள்கின்றன. சாவியைச் சொல்லாமலேயே சாவி ஒன்றுதான் என்று நிரூபிக்கிற இந்த வேலை எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இதிலிருந்து இரண்டு நடைமுறை விஷயங்கள் வருகின்றன. வைஃபையின் பெயரும் கணக்கில் சேர்வதால், பெயரை ஓரெழுத்து மாற்றினாலும் பழைய சாவி செல்லாது. பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாடும் இதற்கு முக்கியம். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் சுழியமும் ஓ எழுத்தும், ஒன்றும் எல் எழுத்தும் ஒரே மாதிரி இருக்கும். போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பாஸ்வேர்ட் பெட்டியில் 'எழுத்துகளைக் காட்டு' என்ற கட்டத்தை டிக் செய்துவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். பழைய கீபோர்டில் தேய்ந்த விசை ஒன்று இரட்டையாக விழுவதோ விழாமல் போவதோ அப்போதுதான் கண்ணில் படும்.

இன்னொன்று கொஞ்சம் கவலை தருவது. அந்த நான்கு செய்திகளைத் தெருவில் நின்று பதிவு செய்துகொண்டு போகிற ஒருவர், தன் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது. நம் பக்கத்தில் இணைப்பு கொடுக்க வருகிறவர்கள் வீட்டுக்காரரின் மொபைல் எண்ணையே பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போவது சகஜம். பத்து இலக்கம், முதல் இலக்கம் 6, 7, 8, 9-ல் ஒன்று. ஆக மொத்தம் 400 கோடி வாய்ப்பு. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டருக்கு அது சில மணி நேர வேலை. அவர் உங்களைத் தெரிந்தவராக இருந்தால் ஒரே முயற்சி போதும். நான்கைந்து தொடர்பில்லாத சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து, நடுவே ஓர் எண் போட்டால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் முடியாது. எட்டு முதல் அறுபத்து மூன்று எழுத்து வரை இடம் இருக்கிறது.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு, நம் வீட்டில் திருட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. 2008-ல் அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பையில் சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டின் பூட்டில்லாத வைஃபை வழியாகப் போயிருந்தது. போலீஸ் முதலில் வந்து நின்றது அந்த வீட்டு வாசலில்தான். அக்கிரகாரத்து வீடுகள் போலச் சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் உங்கள் வைஃபை நாலு வீட்டுக்கு எட்டும். அதில் யார் என்ன செய்தாலும் இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது.

லேப்டாப் பக்கம் செய்ய வேண்டியது

ரவுட்டரைத் தொடும் முன்பு லேப்டாப்பில் ஒன்றைச் செய்துவிடுங்கள். நான் பார்த்தவரை அதிகம் வேலை செய்வது இதுதான். என் அண்ணன் மகள் மன்னார்குடியிலிருந்து போனில் பேசியதை அப்படியே சொல்கிறேன்.

"சித்தப்பா, லேப்டாப்புல பாஸ்வேர்டே கேக்க மாட்டேங்குது. நேரா முடியலைன்னு வருது."

"புதுப் பெட்டிக்கும் பழைய பேரையேவா வச்சிருக்காங்க?"

"ஆமா சித்தப்பா. போன்ல எல்லாம் திரும்பப் போட வேணாம்னு அந்த அண்ணன் அதே பேரு, அதே பாஸ்வேர்டு வச்சுட்டாரு."

"சரிம்மா, அப்ப லேப்டாப்பு பழசையே ஞாபகத்துல வச்சிருக்கு. அத மறக்க வைக்கணும்."

பாஸ்வேர்ட் கேட்காமலேயே மறுப்பது நல்ல தடயம். ஒரு வைஃபையில் ஒருமுறை சேர்ந்துவிட்டால் விண்டோஸ் அதன் பெயர், பாதுகாப்பு முறை, மறையீட்டு வகை, சாவி எல்லாவற்றையும் சேமித்து வைத்துக்கொள்ளும். பழைய ரவுட்டர் டபிள்யூபிஏ, டிகேஐபியில் இருந்து, புதுசு டபிள்யூபிஏ2, ஏஇஎஸ்ஸில் இருந்தால், பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாகவே இருந்தாலும் முறை பொருந்தாது. சேமித்த அமைப்புகள் இந்த நெட்வொர்க்கின் தேவையோடு ஒத்துப்போகவில்லை என்ற பொருளில் விண்டோஸ் 7 ஒரு செய்தி காட்டும்.

விண்டோஸ் 7-ல் கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டருக்குப் போய், இடப்பக்கம் உள்ள மேனேஜ் வயர்லெஸ் நெட்வொர்க்ஸைத் திறந்து, உங்கள் வைஃபை பெயர் மேல் வலது சொடுக்கி ரிமூவ் கொடுங்கள். விண்டோஸ் 10-ல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் என்று போய் ஃபர்கெட் கொடுத்தால் ஆயிற்று. அப்புறம் பட்டியலிலிருந்து புதிதாகச் சேருங்கள். அந்தப் பெண்ணுக்கு அதோடு வேலை முடிந்தது.

முடியவில்லை என்றால், லேப்டாப்புக்கு என்னென்ன பூட்டு தெரியும் என்று அதையே கேட்டுவிடலாம். விண்டோஸ் 7-ல் அதே நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டரில் புது இணைப்பு அமைக்கும் வழியில் போய், கையால் வைஃபை சேர்ப்பதற்கான வரியைத் தேர்ந்தெடுங்கள். வரும் பக்கத்தில் செக்யூரிட்டி டைப் என்று ஒரு பட்டியல் விரியும். அதில் டபிள்யூபிஏ2 பர்சனல் இருந்தால் நிம்மதி. அதைத் தேர்ந்தெடுத்து, கீழே என்கிரிப்ஷன் டைப்பில் ஏஇஎஸ் வைத்து, பெயரை ஓரெழுத்து பிசகாமல் போட்டுச் சேமியுங்கள். பெயரில் எண்டர்பிரைஸ் என்று வருவதைத் தொட வேண்டாம். அது கல்லூரி, அலுவலகத்தில் ஆளுக்கொரு பயனர் பெயர் கொடுக்கிற முறை. வீட்டு ரவுட்டரில் பிஎஸ்கே என்று எழுதியிருப்பதும் லேப்டாப்பில் பர்சனல் என்று வருவதும் ஒன்றேதான்.

பட்டியலில் டபிள்யூபிஏ2 இல்லவே இல்லை என்றால் டிரைவர் பழசு, அல்லது கார்டு அதைவிடப் பழசு. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதை விரித்து, கார்டின் பெயரைக் குறித்துக்கொண்டு, லேப்டாப் நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கான டிரைவரைப் போன் மூலமோ வேறு கம்ப்யூட்டரிலோ இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள். டிரைவர் டவுன்லோடு என்று கண்ட தளங்களிலும் தேட வேண்டாம். அந்த வழியில் வைரஸும் வரும். கடையில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி போட்டுக் கொடுத்த லேப்டாப் என்றால் மூன்றாம் சர்வீஸ் பேக் இருக்க வேண்டும். 2008-ல் வந்த அதில்தான் டபிள்யூபிஏ2 உள்ளேயே சேர்ந்து வந்தது. ஆனால் எக்ஸ்பியில் வங்கி வேலை எதுவும் செய்யாதீர்கள். அதற்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு கொடுப்பதை 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது.

ரவுட்டர் பக்கம்

ரவுட்டரின் ஸ்டிக்கரில் 192.168.1.1 மாதிரி ஒரு முகவரியும் நிர்வாகப் பயனர் பெயரும் இருக்கும். வைஃபையில் உள்ள போனின் பிரவுசரில் அந்த முகவரியைப் போட்டால் செட்டிங் பக்கம் திறக்கும். மாற்றும் முன் இருக்கிற நிலையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வயர்லெஸ் செக்யூரிட்டி பக்கத்தில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 என்ற கலப்பு முறைக்கு மாற்றுங்கள். புதுப் போன்கள் 3-ல் சேரும், லேப்டாப் 2-ல் சேரும். கலப்பு முறையைப் பார்த்தே திகைக்கிற பழைய டிரைவர்களும் உண்டு. அப்படியானால் கெஸ்ட் நெட்வொர்க் என்ற தனிப் பெயரில் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் வைத்து, லேப்டாப்பை அதில் சேருங்கள். பிரதான வைஃபை இருந்தபடி இருக்கட்டும். என் வோட்டு இதற்குத்தான், ஏனென்றால் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளின் போனும் அதிலேயே சேர்ந்துகொள்ளலாம், உங்கள் பிரதான பாஸ்வேர்ட் ஊர் சுற்றாது. கெஸ்டில் இருந்தால் வீட்டு பிரின்டர் மட்டும் தெரியாமல் போகலாம்.

பிஎம்எஃப் அல்லது ப்ரொடெக்டட் மேனேஜ்மென்ட் ஃபிரேம்ஸ் என்று ஒரு வரி இருக்கும். இணைப்பை நிர்வகிக்கிற செய்திகளைப் பாதுகாக்கும் வசதி அது. அது ரிக்வயர்டு என்றிருந்தால் பழைய கார்டுகள் உள்ளே வரவே முடியாது. டபிள்யூபிஏ2-வில் அதை ஆப்ஷனல் ஆக்குங்கள். டபிள்யூபிஏ3-க்கு மட்டும் அது கட்டாயம். மறையீட்டில் டிகேஐபி, ஏஇஎஸ் இரண்டும் சேர்ந்த தேர்வு வந்தால் ஏஇஎஸ் மட்டும் வையுங்கள். டிகேஐபியில் சேர்கிற கருவிக்கு 'என்' முறையின் வேகம் கிடைக்காது, 54 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். வைஃபை சேர்கிறது, ஆனால் ஆமை வேகம் என்கிற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், பழைய லேப்டாப்புக்காக 2.4-க்கு மட்டும் வேறு பெயர் கொடுத்துப் பாருங்கள். 2.4-க்குள் இருக்கிற சின்னப் பிரிவுதான் சேனல். அது ஆட்டோவில் இருந்து, 12, 13-க்குப் போய்விட்டால் வெளிநாட்டு அமைப்பில் வந்த சில கார்டுகளுக்கு அது தெரியாது. 1, 6, 11-ல் ஒன்றை நிலையாக வைத்துவிடலாம்.

பாதுகாப்பு என்று நினைத்துப் பலர் செய்கிற ஒரு வேலை, வைஃபை பெயரை மறைப்பது. அதில் பயன் குறைவு, தொல்லை அதிகம். தேடத் தெரிந்தவருக்கு மறைந்த பெயரும் தெரியும். உங்கள் லேப்டாப்போ, போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பெயரைக் காட்டுங்கள், பாஸ்வேர்டை வலுவாக வையுங்கள்.

பாஸ்வேர்டுக்குப் பதில் ஓர் எண்ணைப் போட்டுச் சேர வைக்கிற டபிள்யூபிஎஸ் பின் வசதியை அணைத்துவிடுங்கள். எட்டு இலக்கப் பின் என்றாலும் அதை முதல் நான்கு, அடுத்த மூன்று என்று தனித்தனியாகச் சோதிக்கிறது ரவுட்டர். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. 10,000-மும் 1,000-மும் சேர்த்து 11,000 முயற்சிக்குள் உள்ளே நுழைந்துவிடலாம் என்று 2011-லேயே வெளியாகிவிட்டது.

சேர்ந்துவிட்டது, ஆனால் தளம் திறக்கவில்லை

வைஃபை சேர்ந்தும் அதன் சின்னத்தில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் பூட்டு திறந்துவிட்டது என்று பொருள். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை. முன்பு யாராவது லேப்டாப்பில் கையால் முகவரி எழுதியிருந்தால் அதை ஆட்டோமேட்டிக் ஆக்கி, ரவுட்டரையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

முக்கோணம் இல்லை, ஆனால் வங்கி, அரசு தளங்கள் எல்லாம் பாதுகாப்பற்றவை என்று பிரவுசர் பயமுறுத்துகிறதா? கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய லேப்டாப்பை மின்சாரம் இல்லாமல் நாள் கணக்கில் வைத்திருந்தால், உள்ளே இருக்கிற காசு வடிவ பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. லேப்டாப்பின் கணக்கில் அவை இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைச் சரிசெய்ததும் திறக்கும். அணைக்கும்தோறும் தேதி ஓடிவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள். பெரும்பாலானவற்றில் சிஆர்2032, கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். பிரவுசரின் எச்சரிக்கையைத் தாண்டிப் போய் வங்கிப் பாஸ்வேர்ட் போடுவதை மட்டும் எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள்.

எதற்கும் மசியவில்லை என்றால்

கார்டுக்கு டபிள்யூபிஏ2 தெரியவே தெரியாது என்று முடிவானாலும் லேப்டாப் வீணில்லை. பழைய லேப்டாப்புகளில் லான் துளை இருக்கும். ரவுட்டரிலிருந்து ஒரு லான் கேபிள் போட்டால் வைஃபை பூட்டு என்ற பேச்சே இல்லை, வேகமும் நிலையாக இருக்கும். அறுவடை நேரத்தில் கொள்முதல் பதிவுக்காக உட்காரும்போது நான் கேபிளைத்தான் சொல்வேன்.

கேபிள் இழுக்க முடியாத வீடு என்றால் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கும்போது இரண்டைக் கேளுங்கள்: என் விண்டோஸ் பதிப்புக்கு டிரைவர் இருக்கிறதா, டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் உண்டா. வேகத்துக்குப் பெரிய எண் போட்டிருப்பதைப் பார்த்து அதிக விலை கொடுக்க வேண்டாம். லேப்டாப்பின் யுஎஸ்பி 2.0 ஆக இருந்தால் அந்த வேகம் வராது. டிரைவர் குறுந்தகட்டில் வந்தால், லேப்டாப்பில் தகடு போடும் இடம் இல்லாதவர்கள் கடைக்காரரிடமே பென்டிரைவில் ஏற்றித் தரச் சொல்லிவிடுங்கள். செருகிய பிறகு டிவைஸ் மேனேஜரில் பழைய கார்டை டிசேபிள் செய்யுங்கள். இல்லையென்றால் இரண்டும் ஒரே வைஃபையைப் பிடிக்கப் பார்த்து, எது சேர்ந்தது எது சேரவில்லை என்று உங்களுக்கே குழப்பமாகிவிடும்.